சாரதிக்குத் துணைபுரியும் தொழில்நுட்பமும் எமது வீதிகளும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் நீளும் ஏ-9 வீதியில், மாத்தளை நகருக்கு வடக்கே அமைந்துள்ள சிற்றூர் பலாபத்வல. கண்டியிலிருந்து வரும் ரயில் பாதை மாத்தளையுடன் முடிந்துவிடுகின்றது. அதற்கு அப்பால் வடக்கு நோக்கிச் செல்வோர் வீதியையே நம்பியிருக்க வேண்டும். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறிகளுக்கும், நெடுந்தூர பஸ்களுக்கும், உல்லாசப் பயணிகளின் வான்களுக்கும், முச்சக்கரவண்டிகளுக்கும், பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்கும் இருப்பது இந்த ஒரே வீதிதான். வாசனைத் திரவியத் தோட்டமொன்றினுள் திரும்புவதற்காக முன்னே செல்லும் வான் திடீரென வேகத்தைக் குறைப்பதும் இங்கு புதுமையன்று.

இத்தகைய வீதிகளில்தான் இன்று நவீன கார்கள் ஓடத் தொடங்கியுள்ளன. 2020 மார்ச்சில் இடைநிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஜப்பானிலிருந்து தருவிக்கப்படும் கார்கள் பலவற்றில் சாரதிக்குத் துணைபுரியும் கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. முன்கண்ணாடியின் பின்னால் உள்ள கமராவும், காரின் முகப்பில் உள்ள ராடரும் வீதியை இடைவிடாது நோக்குகின்றன. முன்னால் தடையிருந்தும் சாரதி பிரேக்கை மிதிக்காவிடின் முதலில் எச்சரிக்கை ஒலி எழுகின்றது; அதன் பின்னரும் அவர் செயற்படாவிடின் வாகனம் தானே பிரேக்கை இயக்குகின்றது. வீதிக்கோட்டை விட்டு விலகினாலோ, சாரதி கண்ணயர்ந்தாலோ எச்சரிக்கும் கருவிகளும் உள்ளன.

இவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. தானியங்கிப் பிரேக் பொருத்தப்பட்ட வாகனங்கள் முன்னால் செல்லும் வாகனத்தில் மோதும் சம்பவங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளதாக அமெரிக்கக் காப்புறுதித் துறையின் வீதிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கண்டறிந்துள்ளது. ஜப்பான் 2021 நவம்பர் முதல் உள்நாட்டில் தயாராகும் புதிய மாதிரிக் கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனைக்கு வரும் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயமாகும். மனிதனின் கவனம் ஒரு கணம் பிசகும்போது இயந்திரம் கைகொடுக்குமாயின் அதனை வரவேற்பதே முறை.

ஆயினும் நாணயத்திற்கு மறுபக்கமும் உண்டு. 2016 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், தானியங்கி உதவியுடன் சென்ற டெஸ்லா கார் ஒன்று வீதியைக் குறுக்கறுத்த பாரவூர்தியின் பக்கவாட்டில் மோதியதில் அதன் சாரதி உயிரிழந்தார். சாரதி இயந்திரத்தின் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்தமையையும், அதற்கு இடமளித்த வடிவமைப்பையும் விசாரணையாளர்கள் சுட்டிக்காட்டினர். 2023 டிசம்பரில் அந்நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 20 இலட்சம் வாகனங்களின் மென்பொருளைத் திருத்த நேர்ந்தது. துணைக்கு வந்ததைத் தலைவனாக்கிக் கொள்வதிலேயே ஆபத்து தொடங்குகின்றது.

எமது நாட்டிலோ வேறு சிக்கல்களும் உள்ளன. கோடுகளைப் பார்த்து வழிசொல்லும் கமரா, கோடு அழிந்துபோன வீதியில் எதனைப் பார்க்கும்? நடைபாதையற்ற வீதியோரத்தில் நடந்து செல்பவருக்கு இடம்விட்டு விலகும் சாரதி நடுக்கோட்டைத் தொடுந்தோறும் எச்சரிக்கை ஒலி எழுந்தால், நாளடைவில் எரிச்சலுற்று அவர் கருவியையே நிறுத்திவிடுவார். ஜப்பானிய மொழியில் மட்டும் வழிகாட்டி நூலும் குரலும் கொண்ட காரை வாங்குபவர், அக்கருவி எப்போது இயங்கும், எப்போது இயங்காது என்பதை எங்ஙனம் அறிவார்? கல்பட்டு உடைந்த முன்கண்ணாடியை மாற்றிய பின்னர் கமராவை மீண்டும் சரியாக அளவமைக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. தேய்ந்த டயரும், மலையிறக்கத்தில் சூடேறிய பிரேக்கும் உள்ள வாகனத்தை எந்தக் கமராவாலும் காப்பாற்ற இயலாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தொழில்நுட்பம் யாரைக் காக்கின்றது என்ற வினா எழுகின்றது. உலகில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் மரணிப்பதாகவும், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களுமே எனவும் உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது. இலங்கையில் ஆண்டுதோறும் 2000 இற்கும் மேற்பட்ட உயிர்கள் வீதிகளில் பறிபோகின்றன. 2025 மே 11 அதிகாலையில் கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் கொத்மலை, கரண்டியெல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து 20 இற்கும் மேற்பட்டோர் பலியாயினர். அதே ஆண்டு செப்டெம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். பெருநாளுக்கும் புத்தாண்டுக்கும் ஊர் திரும்பும் சாமானியரைச் சுமந்து செல்வது விலையுயர்ந்த கார் அன்று, பஸ்தான்.

எனவே கண்ணயர்வைக் கண்டறியும் கருவியும் தானியங்கிப் பிரேக்கும் முதலில் சேர வேண்டிய இடம் நெடுந்தூர பஸ்களே என்பது எமது கருத்தாகும். கொத்மலை அனர்த்தத்தின் பின்னர் பஸ் சாரதிகளைக் கண்காணிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றிப் பேசப்பட்டது. அப்பேச்சு ஏட்டளவில் நின்றுவிடலாகாது. புதிதாகத் தருவிக்கப்படும் பஸ்களுக்கு இக்கருவிகள் நிபந்தனையாக்கப்பட வேண்டும். அதேவேளை, பொழுது முழுவதும் ஓய்வின்றி ஓட்டும் சாரதிக்குக் கருவியொன்றைப் பொருத்திவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணவும் கூடாது. ஓய்வுக்கு மாற்றாக ஒலிப்பான் அமையாது.

இறக்குமதியாளர்கள் கருவிகளின் இயல்பையும் எல்லையையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வழங்குமாறு பணிக்கப்பட வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரத்திற்கான பயிற்சியில் இவை பற்றிய பாடமும் இடம்பெற வேண்டும். பலாபத்வல போன்ற ஊர்களினூடாகச் செல்லும் வீதிகளில் தெளிவான கோடுகளும், பாதசாரிகளுக்கு நடைபாதையும் அமைய வேண்டும். இவை கார் வைத்திருப்போருக்கு மட்டுமன்றி, கருவி எதுவுமின்றி வீதியோரம் நடக்கும் பிள்ளைக்கும் காப்பாகும்.

இன்று எமது வீதிகளில் ஓடும் கார்கள் சாரதிக்கு உதவுவனவேயன்றி, சாரதியின் பொறுப்பை ஏற்பன அல்ல. சுக்கானைப் பிடித்திருக்கும் கையே ஓர் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டியதாகும். அக்கைக்குத் துணையாகக் கருவியும், ஓய்வும், ஒழுங்கான வீதியும் ஒருங்கே கிடைக்கச் செய்வது ஆட்சியாளரின் கடனாகும்.