"போதாது" என்று சொன்னவர்

1960 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பிரான்சஸ் கெல்சி வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த மாதமே தாலிடோமைடு என்ற தூக்க மருந்தின் கோப்பு அவர் மேசைக்கு வந்தது. புதியவர், எளிதாகப் பார்த்து முடிக்கட்டும் என்றுதான் கொடுத்தார்கள். ஜெர்மனியில் 1957 முதல் விற்பனையில் இருந்த மருந்து அது. மசக்கைக்குக்கூட அதைச் சாப்பிட்டார்கள்.

கெல்சிக்குத் திருப்தியில்லை. கோப்பில் மருத்துவர்களின் நற்சொற்கள் நிறைய இருந்தன, முறையான ஆய்வு குறைவாக இருந்தது. 60 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லாவிட்டால் மருந்து தானாகவே கடைக்குப் போய்விடும் என்பது அன்றைய சட்டம். அதனால் கெடு முடிவதற்குள் "தகவல் போதாது" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அமெரிக்காவில் விற்க அனுமதி கேட்டிருந்த மெரல் கம்பெனி மீண்டும் விண்ணப்பித்தது, அவர் மீண்டும் திருப்பினார். கம்பெனிக்காரர்கள் போனில் நச்சரித்தார்கள், நேரில் வந்தார்கள், மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள்.

அந்த மாத்திரை கருவைப் பாதிக்கும் என்று அப்போது கெல்சிக்குத் தெரியாது. என்னை வியக்க வைப்பது இதுதான். ஆபத்து என்று தெரிந்தால் ஆதாரத்தைக் காட்டிச் சண்டை போடலாம். "பாதுகாப்பானது என்று நீங்கள் இன்னும் காட்டவில்லை" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நிற்பது எவ்வளவு கடினம்! நம் அலுவலகக் கூட்டங்களில் அப்படிச் சொல்கிறவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

அவருடையது வெறும் பிடிவாதமும் அல்ல. 1940களில் மலேரியா மருந்து ஆய்வில், வளர்ந்த முயல் எளிதில் சிதைத்துவிடும் குயினைனை முயல் கருவால் சிதைக்க முடியாததைக் கண்டவர் அவர். தாலிடோமைடு நரம்பைப் பாதிக்கிறது என்ற கடிதத்தை ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் படித்ததும், வயிற்றில் இருக்கும் சிசுவை அது என்ன செய்யும் என்று கேட்டார். கம்பெனியிடம் பதில் இல்லை.

1961 நவம்பரில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள் கை கால் குறுகிப் பிறந்திருந்தன. அமெரிக்காவிலும் மருத்துவர்களுக்கு மாதிரியாகக் கொடுத்த மாத்திரைகளால் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டன. கடைக்கு வந்திருந்தால் எத்தனையோ.

1962இல் அமெரிக்க அதிபர் கென்னடி கெல்சிக்கு விருது அளித்தார். உடன் உழைத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு என்றார் அவர். புகார்கள் வந்தபோது அவர் கையிலிருந்து கோப்பைப் பிடுங்காத மேலதிகாரிகளையும் நான் அந்த வரிசையில் சேர்ப்பேன். வேலைக்குப் புதிதாக வந்தவரின் "போதாது" என்ற சொல்லை ஓர் அலுவலகமே தாங்கி நின்றிருக்கிறது.