மாட்டுக்குப் பேர் இருக்கு

தபால்தலை சேர்க்கிறதெல்லாம் அக்ரகாரத்துப் பையன்களும் மிராசுதார் பேரன்களும் பொழுதுபோகாமல் செய்கிற வேலை, இயக்கத்துக்காரனுக்கு எதுக்கு இது என்று தோழர்கள் கேட்கிறார்கள். நான் சேர்ப்பது விவசாயமும் கால்நடையும் அச்சான பழைய தலைகளை மட்டும். என் கருத்து, நம்ம பிள்ளைகள் கட்டாயம் கையில் எடுக்க வேண்டிய வேலை இது. நிலத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஒரு அரசாங்கம் விரலகலக் காகிதத்தில் தானே எழுதிக் கொடுத்திருக்கிறது. அதைப் படிக்காமல் விடுவானேன்?

1955 ஜனவரி 26 அன்று ஐந்தாண்டுத் திட்ட வரிசை வந்தது. காலணாத் தலையில் டிராக்டர். முக்காலணாத் தலையில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கிணறு. டிராக்டர் மலிவு, மாடு மூணு மடங்கு விலை! நேருவின் இந்தியாவில் அஞ்சலகத்தில் மட்டும் நடந்த அதிசயம் இது. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததும் அணாக்கணக்கு போயிற்று. ஆனாலும் லட்சக்கணக்கில் அடித்த தலைகள் என்பதால் இன்றும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 1979இலிருந்து வந்த வரிசையும் அப்படித்தான். 25 காசில் முட்டையை உடைத்து வரும் குஞ்சு, 50 காசில் பால் கறக்கும் பெண், 5 ரூபாயில் ரப்பர் பால் வெட்டு. பணக்காரப் பொழுதுபோக்கு என்கிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

1968க்கு வருவோம். அந்த வருசம் ஜூலை 17 அன்று 'கோதுமைப் புரட்சி' என்று 20 காசுத் தலை வெளியானது. கோதுமைக் கதிர், பக்கத்தில் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டடம். ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்டுச் சங்கம் கட்டிய சேரி மக்கள் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும். கதிருக்குப் புரட்சி, கதிர் அறுத்தவளுக்கு நெருப்பு. இந்த இரண்டும் ஒரே வருசம் என்பது எந்தத் தபால்தலைப் பட்டியலிலும் இருக்காது. ஆல்பத்தில் நாம்தான் எழுதி வைக்க வேண்டும். நான் அந்தக் கோதுமைத் தலைக்குப் பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டு, கீழே தேதியையும் 44 என்ற எண்ணையும் எழுதியிருக்கிறேன்.

திருச்சியில் ஒரு கண்காட்சிக்கு அந்தப் பக்கத்தைக் கொண்டுபோனேன். நடுவராக இருந்த பெரியவர், "தம்பி, தலைப்பு விவசாயம்னு போட்டிருக்கீங்க, இது அரசியல், எடுத்துடுங்க" என்றார். நான் பக்கத்தோடு வெளியே வந்துவிட்டேன். விவசாயத்திலிருந்து கூலியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கு? மாடு.

அந்த மாட்டுக்கு வருவோம். 2000இல் நாட்டு மாட்டினங்கள் என்று நான்கு தலைகள் போட்டார்கள். கிர், காங்கேயம், காங்ரேஜ், ஹள்ளிகார். ஒவ்வொன்றுக்கும் இனப்பெயர், திமில், கொம்பு, நிறம் எல்லாம் துல்லியம். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. மணப்பாறைச் சந்தையில் காங்கேயம் காளையைப் பார்த்தவன் எவனும் மறுக்க மாட்டான். ஆனால் அந்தக் காளை தொழுவத்தில் செத்து விழுந்த அன்றைக்கு, தூக்கிக்கொண்டு போ என்று ஆள் அனுப்புவது எந்தத் தெருவுக்கு? தோலை உரித்தவன், பறையில் இழுத்துக் கட்டியவன், செருப்பாகத் தைத்தவன் எவனுக்கும் எந்த வரிசையிலும் பேர் இல்லை. உயிரோடு இருக்கும்வரை மாடு தேசியச் சொத்து, செத்தால் நம்ம பொறுப்பு. திருவரங்கத்தில் விடியற்காலை விஸ்வரூப தரிசனத்துக்குப் பசுவும் யானையும் பெருமாள் முன்னால் வந்து நிற்கும். அது காலங்காலமாக உள்ள உரிமை. நாம் உள்ளே போக 1947இல் சென்னை மாகாணம் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது.

தலைவர்களுக்குத் தலை வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது, சந்தோசம். அண்ணலுக்கு 1966இல், இரட்டைமலை சீனிவாசனுக்கு அதே 2000இல், அயோத்திதாசப் பண்டிதருக்கு 2005இல். நான் கேட்பது இன்னொரு தலைவர் தலைக்கு மனுப்போடுவது அல்ல. வயலில் நிற்கிற பேரில்லாத உருவத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1935இல் ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு வந்த சிலோன் வரிசையில் 2 சதத்தில் ரப்பர் வெட்டு, 9 சதத்தில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் காட்சி. சேகரிப்பவர்கள் செதுக்குவேலையின் நேர்த்தியைப் பேசுவார்கள். நமக்கு அது சொந்தக்காரர்களின் படம். முசிறி, துறையூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு போன சனம் அது. ராஜா முத்திரைக்குப் பக்கத்தில் அவளை நிறுத்திப் படம் போட்டு உலகம் பூரா அனுப்பினார்கள். சுதந்திரம் வந்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் போட்டு, நீ இந்த நாட்டுக்காரி இல்லை என்றார்கள். 1964இல் இரண்டு பிரதமர்களும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். சந்தையில் மாடு பிரிக்கிறவன்கூட மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான்.

கண்டிச் சீமைக்குப் போன என் பாட்டியின் அண்ணன் எழுதிய கடித உறை ஒன்று, அந்த 9 சதத் தலையோடு, என்னிடம் இருக்கிறது. விலாசத்தில் ஊர்ப் பெயருக்குக் கீழே 'பறைத்தெரு' என்று இருக்கும். அவர் கையெழுத்து இல்லை, எழுதத் தெரிந்த யாரோ எழுதிக் கொடுத்தது. தபால்தலை சேர்க்கிறவர்களின் வழக்கப்படி அதைத் தண்ணியில ஊறப்போட்டு, உரிச்சு, காயவச்சு ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் சுத்தமான தலை கிடைத்திருக்கும். தோட்டத்துத் தபால் முத்திரை, அனுப்பிய தேதி, தெருப் பெயர் எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். விசயம் தெரிந்த சேகரிப்பாளர்களே முழு உறைக்குத்தான் மதிப்பு என்பார்கள். அவர்கள் சொல்வது காசுக்காக, நான் சொல்வது விலாசத்துக்காக. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று அறிவித்தார். நீக்கட்டும், நீக்கத்தான் வேண்டும். ஆனால் எண்பது தொண்ணூறு வருசம் எந்தப் பேர் போட்டு நமக்குக் கடிதம் வந்தது என்பதற்கு இந்த உறைகள்தான் சாட்சி. பெயரை ஆவணத்தில் அடிக்கிறவர்கள் சாட்சியையும் சேர்த்துக் கழுவிவிடக் கூடாது.

அமெரிக்காவில் 1898இல் வந்த ஒரு டாலர் தலை ஒன்று உண்டு, 'புயலில் மேற்கத்திய மாடுகள்' என்று. உலகத்தில் மிக அழகான தலைகளில் ஒன்று எனப் பெரும்பணம் கொடுத்து வாங்குகிறார்கள். அதில் இருப்பது ஒரு ஓவியர் வரைந்த ஸ்காட்லாந்து மாடு! மாட்டுக்குத் தப்பான ஊர்ப் பேர் போட்டதைக்கூடத் தேடிக் கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறார்கள். அதே வரிசையின் 2 சென்ட் தலையில் ஏர் ஓட்டும் பண்ணையாட்கள் நிசமான புகைப்படத்திலிருந்து வந்தவர்கள், எந்த ஊர்ப் பண்ணை என்பது வரைக்கும் தேடியிருக்கிறார்கள். நம்மவள் கொழுந்து கிள்ளியது எந்தத் தோட்டத்தில் என்று இங்கே தேடியது யார்?

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கொட்டப்பட்டு முகாமில், தாயகம் திரும்பியோர் குடியிருப்புகளில், உங்கள் பாட்டிகளின் டிரங்குப் பெட்டியில் இந்த உறைகள் கிடக்கின்றன. பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போடுவதற்கு முன்னால் கேட்டு வாங்குங்கள். தலையை உரிக்க வேண்டாம். கடிதம் உள்ளே இருந்தால் பாட்டியையே படித்துக் காட்டச் சொல்லுங்கள்; படிக்கத் தெரியாது என்றால் நீங்கள் படித்துக் காட்டுங்கள். யார் யார் பேர் வருகிறதோ அத்தனையையும் பென்சிலால் ஒரு தனித்தாளில் எழுதி உறையோடு வையுங்கள். உறை மேல் எழுத வேண்டாம், மை ஊறிவிடும்.