கடவுள் கொடுக்காத அற்றோணித் தத்துவம்

சமய நூலை ஒருவன் பரிகசித்துவிட்டான் என்று நியாயஸ்தலத்துக்கு வழக்கு வருமாயின், அதில் முறைப்பாட்டாளர் யார் என்பதையே நாம் முதலிற் கேட்கவேண்டும். கடவுள் சாட்சிக் கூண்டில் ஏறியதாக எந்த நாட்டு வழக்கேட்டிலும் பதிவில்லை. அவர் பெயரால் வருவோரே வருகின்றனர். பிறருடைய காணியில் ஒரு பரப்பை விற்பதற்கே நொத்தாரிசு முன்னிலையில் முடித்த அற்றோணித் தத்துவம் வேண்டும். சர்வலோகத்தையும் உடையவரின் மானத்தைக் காக்க வருவோரிடம் மட்டும் அந்தப் பத்திரத்தை எவரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

பரிகாசத்துக்குச் சமயம் அஞ்சவேண்டும் என்போர் பைபிளை ஊன்றிப் படித்தவர்களல்லர். கர்மேல் மலையிலே பாகாலின் தீர்க்கதரிசிகள் காலை தொடங்கி நண்பகல்வரை தங்கள் தெய்வத்தைக் கூவியழைத்தபோது எலியா என்ன செய்தார்? இன்னும் உரக்கக் கூப்பிடும்படியும், அத்தெய்வம் பிரயாணம் போயிருக்கலாம் அல்லது நித்திரையாயிருக்கலாம் என்றும் எள்ளி நகையாடினார். ஒரே மரத்தின் ஒரு பாதியை எரித்து அப்பஞ்சுட்டுக் குளிர்காய்ந்துவிட்டு, மறு பாதியைத் தெய்வமாக்கி வணங்குபவனை ஏசாயா பார்த்துச் சிரிக்கிறார். சபிக்கப் புறப்பட்ட பிலேயாமுக்குப் புத்தி சொல்ல அவன் ஏறிப்போன கழுதையே வாய் திறக்கிறது. பிறர் நம்பிக்கையைப் பார்த்து இவ்வளவு துணிவுடன் சிரித்த நூல், தன்னைப் பார்த்து ஒருவன் சிரித்தால் நொறுங்கிவிடுமா?

அப்படியிருக்க, சிரித்தவனைச் சிறைக்கு அனுப்பத் துடித்தவர்கள் யார்? இங்கிலாந்தின் வரலாறு விடை சொல்கிறது. 1817 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18, 19, 20 ஆம் திகதிகளில், வில்லியம் ஹோன் என்னும் ஏழைப் புத்தக வியாபாரி லண்டன் மாநகரிலே அடுத்தடுத்து மூன்று வழக்குகளுக்கு முகங்கொடுத்தார். திருச்சபையின் ஞானோபதேசம், மன்றாட்டு, விசுவாசப் பிரமாணம் ஆகியவற்றின் நடையிலே அவர் கேலி நூல்கள் வெளியிட்டிருந்தார். அவற்றில் அடிபட்டவர் ஆண்டவரல்லர். பதவிக்கும் பணத்துக்கும் தோத்திரம் பாடிய மந்திரிமார். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத ஹோன், பழம் புத்தகங்களைச் சுமந்துவந்து தாமே வாதாடினார். மார்ட்டின் லூதரும் இவ்விதம் எழுதியிருக்கிறார்; அன்று மந்திரிசபையில் வீற்றிருந்த கானிங்கும் எழுதியிருக்கிறார்; அவர்கள்மேல் வராத வழக்கு என்மேல் மட்டும் வந்ததேன் என்று கேட்டார். பிரதம நீதியரசர் எலன்பரோ பிரபு இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தாமே ஆசனத்தில் அமர்ந்து, அது தேவநிந்தனையே என்று யூரிமாருக்கு எடுத்துரைத்தார். யூரிமாரோ மூன்று நாளும் நிரபராதி என்றே தீர்த்தனர். வழக்குப் போட்டவர்கள் காக்க வந்தது ஆண்டவரையா, அமைச்சரையா என்பதை அந்த லண்டன் குடிமக்கள் கண்டுகொண்டார்கள்.

எல்லோருக்கும் அவ்வதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பைபிள் கதைகளைக் கேலிச் சித்திரமாக வெளியிட்ட ஜி. டபிள்யூ. பூட் என்னும் பத்திராசிரியருக்கு 1883 இல் பன்னிரண்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர்மீது வந்த வேறொரு வழக்கிலே, கண்ணியமான முறையில் எழுதினால் சமயத்தின் அடிப்படைகளைக்கூட மறுக்கலாம் என்று பிரதம நீதியரசர் கோல்ரிட்ஜ் பிரபு கூறினார். தாராளமான தீர்ப்பென்று அதைப் புகழ்வர். உள்ளே புகுந்து பார்த்தால், படித்த கனவான் நாசூக்காக மறுத்தால் தத்துவம். பாமரன் பலருக்கும் விளங்கும்படி சிரித்தால் குற்றம் என்பதே அதன் விளைவு. இயேசுபிரான் எருசலேமுக்குள் பிரவேசித்ததைச் சொல்லும் இடத்திலே மத்தேயுவில் கழுதையும் குட்டியுமாக இரண்டு வருகின்றன. மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் ஒன்றே வருகிறது. இதைச் சர்க்கஸ் கோமாளியின் சவாரிக்கு ஒப்பிட்டுப் பிரசுரம் விற்ற ஜோன் வில்லியம் கொட் என்பவர் 1921 இல் ஒன்பது மாதக் கடூழியச் சிறைக்குப் போனார்; அடுத்த ஆண்டு காலமானார். அந்தக் கேலி நயமற்றது என்று சொல்லலாம். நயமின்மைக்குத் தண்டனை கடூழியமா?

அந்தச் சட்டம் எல்லாச் சமயத்தையும் காத்ததுமில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை மட்டுமே அது காத்தது. சல்மான் ருஷ்டியின் நாவலுக்கு எதிராக முஸ்லிம்கள் அதன் துணையை நாடியபோது, இஸ்லாத்துக்கு அது பொருந்தாதென்றே நீதிமன்றம் தீர்த்தது. அரச சமயத்துக்கு ஒரு நீதி, அயலார் சமயத்துக்கு வேறொரு நீதி! 2008 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய அச்சட்டத்தை ஒழித்தது. அதனால் அங்கே எந்தக் கோவிலும் இடிந்து விழவில்லை.

நம் யாழ்ப்பாணம் கண்ட வழி வேறு. மிஷனரிமார் 1841 இல் 'உதயதாரகை'யைத் தொடங்கினர். சைவத்தைக் கண்டித்துப் பிரசுரங்கள் அவர்களின் அச்சுக்கூடங்களிலிருந்து வந்தவண்ணமிருந்தன. ஏசாயாவின் மரக்கட்டைக் கேலி நம் கோவில்களின்மீது திரும்பியது. மறுபுறத்திலே முத்துக்குமார கவிராயர், பெண்கள் கைகொட்டிப் பாடும் கும்மியிலே கிறிஸ்தவக் கொள்கைகளைக் கண்டித்து 'ஞானக்கும்மி' பாடினார். பேர்சிவல் பாதிரியாருடன் அமர்ந்து பைபிளைத் தமிழாக்குவதற்கு உழைத்த ஆறுமுக நாவலரோ, அந்நூலை எழுத்தெழுத்தாக அறிந்தவர். 1854 இல் வெளியிட்ட 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலிலே, தூபமும் தீபமும் நைவேத்தியமும் எருசலேம் ஆலயத்தில் இருந்தனவே, உம்முடைய வேதத்தில் உள்ளதை எம்மிடத்தில் கண்டு நகைப்பதேன் என்ற நியாயத்தை வைத்தார். அந்த வாதம் அச்சியந்திரத்தில் நடந்தது, மறியற்சாலையில் நடக்கவில்லை. சைவமும் அழியவில்லை, கிறிஸ்தவமும் அழியவில்லை. தமிழ் உரைநடை வளர்ந்தது.

இன்றைய இலங்கையின் நிலை யாது? சிறுபான்மையோர்மீது பகையைத் தூண்டுவோரைத் தடுப்பதற்கென்று, 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கக் குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் தொடர்பான சர்வதேச சமவாயச் சட்டத்திலே மூன்றாம் பிரிவு எழுதப்பட்டது. பாரபட்சம், பகைமை, வன்முறை ஆகியவற்றைத் தூண்டும் மதவெறுப்பே அங்கு குற்றம். தண்டனை பத்து ஆண்டுவரை. விசேட காரணமிருந்து மேல் நீதிமன்றம் இணங்கினாலன்றிப் பிணையில்லை. அத்தகைய சட்டத்தின் தேவைக்கு 2014 இல் அளுத்கமையிலும் 2018 இல் திகனையிலும் எரிந்த முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் சாட்சி. ஆனால் அதே பிரிவின் பெயரால் 2019 ஏப்ரலிலே, பிக்குமார் வரும் ஒரு சிறுகதைக்காகச் சக்திக சத்குமார என்ற எழுத்தாளர் கைதானார். ஓகஸ்டில்தான் பிணை கிடைத்தது. 2021 இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். 2023 மே மாதத்திலே நடாஷா எதிரிசூரிய என்ற நகைச்சுவைக் கலைஞர், புத்தர் வரலாற்றைத் தொட்ட பகிடிக்காகக் கைதாகி ஜூலை வரை மறியலில் இருந்தார். தீர்ப்புக்கு முன்னரே தண்டனை அனுபவித்தாயிற்று! அவர்களுடைய கதையாலும் பகிடியாலும் எரிந்த வீடு எது? வேலி பயிரை மேய்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

விசுவாசியின் மனம் நோவதை நாம் அற்பமாக எண்ணவில்லை. நோவது உண்மை. ஆயினும் மனம் நொந்தவன் பதில் எழுதலாம், எழுந்து போகலாம், சபையைப் பகிஷ்கரிக்கலாம். வீடு எரிந்தவனுக்கு அந்த வழிகள் போதா. கொள்கையைப் பார்த்துச் சிரிப்பது ஒன்று. அக்கொள்கையை உடைய மக்களை ஊரைவிட்டு விரட்டும்படி கூட்டத்தை ஏவுவது வேறொன்று. சட்டத்தின் கை இரண்டாவதன்மீதே விழவேண்டும்.

எம்மவர் சிலர், நம் சமயத்தைப் பரிகசிப்போரையும் இச்சட்டத்தால் அடக்கலாமே என்று கருதுகின்றனர். அவர்களுக்கு நாம் சொல்வது இது: அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரையில் ஒரு சமயத்துக்கு முதன்மைத் தானம் கொடுத்திருக்கும் நாட்டிலே, மனம் நொந்ததை அளக்கும் கோல் யார் கையில் இருக்கும் என்பதைச் சற்றே சிந்தியுங்கள். அந்தக் கோலால் நமக்கு அளந்து கிடைக்கப்போவது நியாயமல்ல.

ஆகவே மூன்றாம் பிரிவிலுள்ள பிணை மறுப்பு நீக்கப்படவேண்டும். வன்முறைக்கோ பகைமைக்கோ உண்மையான தூண்டுதல் இருந்ததென்று முதல் நாளிலேயே பொலிசார் நீதவானுக்குக் காட்டவேண்டும். காட்ட இயலாவிடின் சந்தேகநபர் அன்றே வீடு போகவேண்டும். இதைக் கோரும் பொறுப்பு நம் பாராளுமன்றப் பிரதிநிதிகளுக்கும் சட்டத்தரணிகளுக்கும் உண்டு. கடவுளைக் காப்பது அவர்களுடைய வேலையன்று. மனிதனைக் காப்பதே அவர்களுடைய வேலை.