குழிக்கு என்ன கூலி?

மேல்மலையனூரில் அமாவாசை இரவு. ஊஞ்சல் விழாக் காண வந்த பெருங்கூட்டம் அங்காளம்மன் கோயிலைச் சுற்றி அலைமோதிக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் புதுவையிலிருந்தும் பேருந்துகள் கொண்டுவந்து கொட்டிய மக்கள், கிடைத்த இடத்தில் துணியை விரித்து, குழந்தையை அணைத்து, வெறுந்தரையிலே படுத்திருந்தனர். செஞ்சியில் தெருமுனைக் கூட்டம் முடித்துத் திரும்பிய நான், பேருந்து நிலையத்தருகே ஒரு மூதாட்டியிடம் அவித்த மல்லாட்டை வாங்கினேன். பசிக்கு வாங்கியது பருப்பு. பாடமாகக் கிடைத்தது பொட்டலம் மடித்த தாள்!

பளபளக்கும் தாள். பல வண்ணப் படம். ஒருபுறம் நீலக்கடல், மறுபுறம் பச்சைப் புல்வெளி, நடுவிலே வெண்காலணி அணிந்த கனவான் ஒருவர், கையிலே கோல், காலடியிலே பந்து. வரலாற்றுப் புகழ் வாய்ந்த கடலோர கோல்ஃப் திடல்களுக்கு ஆடம்பரப் பயணமாம்! கோட்டையிலே தங்கலாம், தனி ஊர்தியிலே போகலாம், பை சுமக்க ஆள் அமர்த்தித் தருவார்களாம். எல்லாம் இருந்தது தாளிலே. விலை மட்டும் இல்லை. கேட்டால்தான் சொல்வார்களாம். விலை கேட்பவன் வாங்கத் தகுதியற்றவன் என்பது செல்வர் உலகத்துச் சித்தாந்தம் அல்லவா?

தாளை எறிந்துவிட்டு வந்திருக்கலாம். எறியவில்லை, மடித்துச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டேன். அதிலிருந்த ஒரு சொல் என்னைத் தைத்துவிட்டது. 'லிங்க்ஸ்' என்பது அந்தச் சொல்.

லிங்க்ஸ் என்றால் என்ன? ஸ்காட்லாந்து நாட்டிலே கடலுக்கும் கழனிக்கும் இடையில் கிடக்கும் மணற்பாங்கான மேட்டுநிலம். ஏர் ஓடாது, பயிர் ஏறாது, புல் முளைக்கும், ஆடு மேயும். எவரும் உழுது உரிமை கொண்டாடாத அந்த நிலத்திலே ஊரார் ஆடு மேய்த்தனர், துணி உலர்த்தினர், கோலெடுத்துப் பந்தும் அடித்தனர். சுருங்கச் சொன்னால், தோழர்களே, நம்மூர் மொழியில் அதற்குப் பெயர் — புறம்போக்கு! ஆம், கடலோரப் புறம்போக்கு! எந்தச் சொல்லை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோமோ, அந்தப் புறம்போக்கிலே கால் வைக்கத்தான் கோடீசுவரர்கள் கடல் கடந்து பறக்கிறார்கள்!

அந்தப் புறம்போக்குகளுக்கெல்லாம் தலைநகர் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊர். அங்கேயுள்ள பழைய திடலில் பதினெட்டுக் குழிகளை ஒரு முறை சுற்றிவர, 2024-ஆம் ஆண்டுப் பருவகாலக் கட்டணம் 320 பவுண்டு. அதே 2024-25-ஆம் ஆண்டில், ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டு உழைப்பாளிக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி 319 ரூபாய். எண்ணைப் பாருங்கள், தோழர்களே! 2023-இல் அங்கே 295, இங்கே 294. 2025-இல் அங்கே 340, இங்கே 336. ஏறத்தாழ ஒரே எண்! நாணயத்தின் பெயர்தான் வேறு. அந்த வேற்றுமைக்குள்ளேதான் ஒரு வாழ்க்கையே அடங்கிக் கிடக்கிறது.

கணக்குப் போடுவோம். 320 பவுண்டு என்பது ஏறத்தாழ 34 ஆயிரம் ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்து, நூறு நாளும் முழுக் கூலி கிடைத்தால், நம் உழைப்பாளி ஈட்டியது 31,900 ரூபாய். நூறு நாளும் கிடைத்தவர் அரிது. முழுக் கூலி வாங்கியவர் அதனினும் அரிது. அங்கே ஒரு பிற்பகல். இங்கே ஓர் ஆண்டு! அந்தப் பிற்பகலை இந்த ஆண்டு எட்டிப் பிடிக்க முடியவில்லை!

நாடகம் எழுதுபவன் நான். ஒரே மேடையை இரண்டாகப் பிரித்து இந்தக் காட்சியைக் காட்டத் தோன்றுகிறது.

(இடப்புறம்: கடலோரப் புல்வெளி. கனவான், அவருக்குப் பின்னே பை சுமப்பவன். வலப்புறம்: மேல்மலையனூர்ப் பக்கத்து வறண்ட ஏரி. கையில் மண்வெட்டியுடன் உழைக்கும் அம்மை; அளவுகோலுடன் மேற்பார்வையாளர்.)

கனவான்: இது எத்தனையாவது குழி?

பை சுமப்பவன்: ஒன்பதாவது, ஐயா.

மேற்பார்வையாளர்: என்னம்மா, குழி ஆழம் போதவில்லையே!

அம்மை: கட்டாந்தரை ஐயா. காலையிலிருந்து வெட்டுகிறேன், மண் இளகவில்லை.

கனவான்: பந்து குழியில் விழவில்லை. போகட்டும், காற்று நன்றாக இருக்கிறது.

மேற்பார்வையாளர்: அளவு குறைந்தால் கூலி குறையும். நான் என்ன செய்ய?

(திரை)

அவருக்கும் குழி, இவளுக்கும் குழி. அவர் குழியில் பந்து விழாவிட்டால் சிரிப்பு. இவள் குழியில் ஆழம் குறைந்தால் அடுப்பிலே நெருப்பில்லை! இன்னொன்றும் கேளுங்கள். அந்த ஆட்டத்தில் கனவானின் பையைச் சுமந்து, பந்தைத் தேடி, வழியும் காட்டுகிறவனுக்கு இட்டிருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'கேடி'! சுமக்கிறவன் கேடி; சுமத்துகிறவன் சீலன்! மொழி வேறுதான், பொருளும் வேறுதான், ஆனாலும் நம் காதுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தமாக ஒலிக்கிறது!

"ஆட்டத்தின் மீது உமக்கென்ன ஆத்திரம்? அவர் பணம், அவர் செலவு. கோட்டையில் தங்கினால் என்ன, குடிசையில் தங்கினால் என்ன?" என்று கேட்பார்கள் சிலர். நியாயமான கேள்வி; நேரான விடை சொல்கிறேன். ஆட்டத்தின் மீது எனக்கு ஆத்திரம் இல்லை. ஆட்டிடையரும் மீனவரும் ஆடித் திரிந்த மண்ணிலே வளர்ந்த ஆட்டம் அது. பணத்தின் மீதும் இந்தக் கட்டுரையில் வழக்கில்லை. என் வழக்கு மண்ணைப் பற்றியது. பந்து அவருடையது, கோல் அவருடையது, காலணி அவருடையது. மண் எவருடையது?

செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரார் அந்தக் கேள்விக்கு நூற்றாண்டுக் கணக்கில் விடை தேடினார்கள். 1552-ஆம் ஆண்டிலேயே, பேராயர் ஹாமில்டன் காலத்துப் பட்டயம், அந்த மணல்வெளியில் ஆடிப்பாடிப் பொழுதுபோக்கும் உரிமை ஊராருக்கு உண்டென ஒப்புக்கொண்டது. 1797-இல் ஊராட்சி கடனில் மூழ்கியது, திடல் கைமாறியது, முயல் வளர்க்கும் வணிகர்கள் வளைத்துக்கொண்டார்கள். ஊரார் ஓய்ந்தார்களா? இல்லை. வணிகரோடு மல்லுக்கு நின்றார்கள், வழக்காடினார்கள். 1821-இல் ஆட்டப் பிரியரான நிலக்கிழார் ஒருவர் அதை விலைக்கு வாங்கினார். 1894-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே திடல் மீண்டும் ஊரின் கைக்கு வந்தது. 1974-இல் இன்னொரு சட்டம் அதை ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்தது. ஊரார் ஆண்டுச் சீட்டு எடுத்து ஆடுகிறார்கள். பெரும்போட்டி நாள்கள் நீங்கலாக ஞாயிறுதோறும் பழைய திடலில் பந்து உருளாது. உலகப் பணக்காரன் வந்து கதவைத் தட்டினாலும் உருளாது! தாத்தாவும் பேரனும் நாயைக் கையில் பிடித்தபடி அந்தப் புல்வெளியிலே உலா வருவார்கள்.

கிண்டியிலோ உதகையிலோ எத்தனை ஞாயிறுகளில் நம் தாத்தாவும் பேரனும் அப்படி உலா வந்தார்கள், சொல்லுங்கள்!

அந்நாட்டைப் பொன்னுலகம் என்று புகழவில்லை நான். 1754-இல் தோன்றிய அவ்வூர் கோல்ஃப் சங்கம், பெண்களை உறுப்பினராக ஏற்க முடிவெடுத்தது 2014-இல்தான். 260 ஆண்டு பிடித்தது பெண்ணும் மனிதப்பிறவி என்று உணர! அதே ஸ்காட்லாந்தில், அபர்தீனுக்கு வடக்கே மேனி என்னும் இடத்தில், டொனால்ட் டிரம்ப் கோல்ஃப் திடல் கேட்டார். உள்ளாட்சிக் குழு மறுத்தது. மேலிருந்த அரசு 2008-இல் ஒப்புதல் தந்தது. 2012-இல் திடல் திறந்தது. காற்றோடு நகர்ந்துகொண்டிருந்த மணற்குன்றுகளைப் புல் நட்டுக் கட்டிப்போட்டார்கள். விளைவு? இயற்கைச் சிறப்பிடம் என்று அங்கே இருந்த பாதுகாப்புத் தகுதியே 2020-இல் நீக்கப்பட்டது. காக்க வேண்டிய எழில் குலைந்துவிட்டது என்பதே காரணம். மேனி கெட்டது, மேனி என்ற பெயர் மட்டும் நின்றது! ஊர் காத்த இடத்தில் திடலும் வாழ்ந்தது, ஊரும் வாழ்ந்தது. ஊரை ஒதுக்கிய இடத்தில் மணலும் மாண்டது.

வெள்ளையர் இந்த ஆட்டத்தை இங்கே கொண்டுவந்தனர். 1829-இல் கல்கத்தாவில் சங்கம் கண்டனர். பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அதுவே மூத்த கோல்ஃப் சங்கம். கோலைக் கொண்டுவந்தார்கள், பந்தைக் கொண்டுவந்தார்கள், வேலியையும் கொண்டுவந்தார்கள். ஊராருக்கு உரிமை தந்த பட்டயத்தை மட்டும் கப்பலேற்ற மறந்துவிட்டார்கள்!

கிண்டியைப் பாருங்கள். சென்னையின் நெஞ்சிலே 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலம். 1945-இல் குதிரைப் பந்தயச் சங்கத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. அந்தத் திடலுக்குள்ளேதான் ஜிம்கானா சங்கத்தின் கோல்ஃப் திடலும் அமைந்தது. 160 ஏக்கருக்கு ஆண்டு வாடகை எவ்வளவு? 614 ரூபாயும் சில்லறையும்! ஏக்கருக்கு நான்கு ரூபாய்கூட இல்லை! ஏரி வெட்டிய நம் அம்மையின் இரண்டு நாள் கூலி 638 ரூபாய். இரண்டு நாள் கூலியைக் கொடுத்தால் கிண்டியிலே 160 ஏக்கரை ஓராண்டு ஆளலாம். மிச்சச் சில்லறைக்குத் தேநீரும் அருந்தலாம்! ஆனால் அந்த அம்மையிடம் யார் கேட்டார்கள்?

1970 முதல் 2004 வரை வாடகை நிலுவை 730 கோடியே 86 லட்சம் ரூபாய் என்று அரசு கணக்கிட்டது. சங்கம் மறுத்தது, வழக்காடியது, 2023-இல் உயர்நீதிமன்றம் செலுத்தச் சொன்னது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துச் செய்து நிலத்தை மீட்டது. வழக்குகள் தொடர்ந்தன, எனினும் அங்கே மழைநீர் தேக்கக் குளங்கள் வெட்டப்பட்டன. வெள்ளத்திலே மிதக்கும் நகரத்துக்கு அதைவிட நல்ல குழி வேறென்ன வேண்டும்?

இன்னொரு நிலுவையையும் இதனருகே வைத்துப் பாருங்கள். அதே 2024-25-இல் ஊரக வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசு தர வேண்டிய பணம் மாதக்கணக்கில் வராமல் நின்றது. 4,034 கோடி என்று மாநில அரசு முறையிட்டது. ஆடியவர் கட்ட வேண்டிய நிலுவைக்கு அரை நூற்றாண்டு அவகாசம். வெட்டியவள் வாங்க வேண்டிய நிலுவைக்கு வெறும் ஆறுதல் மொழி! இதுதானா நீதி? இதற்குப் பெயர்தானா நிருவாகம்?

கடலோரத் திடல் மக்களிடம் திரும்பிய காட்சிக்கு ஸ்காட்லாந்து வரை போக வேண்டியதில்லை. பாக்கு நீரிணையைத் தாண்டினால் போதும். கொழும்பு காலிமுகத்திடலில், அலை வந்து மோதும் கரையில், 1879-இல் தொடங்கிய கோல்ஃப் சங்கத்தார் பந்தடித்தனர். 1896-இல் வேறிடம் பெயர்ந்தனர். திடல் மக்களின் மாலைநேரத் திடலாயிற்று. பட்டம் விடும் பிள்ளைகளின் வெளியாயிற்று. 2022-இல் விலைவாசியும் வறுமையும் கழுத்தை நெரித்தபோது, தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அந்தத் திடலில்தான் கூடாரமடித்தார்கள். குடியரசுத் தலைவரே நாட்டை விட்டு ஓடினார். வேலியிட்ட புல்தரையாக அது நின்றிருந்தால் அவர்கள் எங்கே கூடியிருப்பார்கள்? பொதுநிலம் என்பது புல் வளர்க்க மட்டுமல்ல, தோழர்களே; குரல் வளர்க்கவும்தான்!

நம் மாவட்டத்துக்கும் கடல் உண்டு. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம், அங்கே உப்பளம், அருகே 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி, கரையெங்கும் மீனவர் குப்பங்கள். வலை உலர்த்தும் மணல்தான் நம்முடைய லிங்க்ஸ். அங்கே கோல்ஃப் திடல் வருகிறது என்று நான் பீதி கிளப்பவில்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் 200 மீட்டர் தடையை 50 மீட்டராகச் சுருக்கியதை மறக்க முடியுமா? அளவுகோல் சுருங்கும் இடத்தில் ஆசை விரியும். ஆசை விரியும் இடத்தில் வேலி முளைக்கும்.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். பெரிய போராட்டமல்ல; சிறிய கேள்வி. உங்கள் ஊரின் 'அ' பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். மேய்க்கால் எது, மந்தைவெளி எது, களம் எது, ஏரிப் புறம்போக்கு எது என்று படியுங்கள். அவற்றில் எது குத்தகையில், எவர் பெயரில், என்ன வாடகையில் என்று கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே எழுந்து நின்று, ஏரி வெட்டும் அம்மைமார் கேட்கும்படி, உரக்கக் கேளுங்கள். விடை வராவிட்டால் தீர்மானம் எழுதுங்கள்.

பொட்டலத் தாள் இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. பயணத்துக்கு அழைக்கிறது அது. போகட்டும், பணமுள்ளவர் போகட்டும். போய், செயின்ட் ஆண்ட்ரூஸ் மண்ணிலே நின்று, கோலை ஒரு கணம் கீழே வைத்துவிட்டு, "இது யார் நிலம்?" என்று பக்கத்திலிருக்கும் பை சுமப்பவனைக் கேட்கட்டும்.

"ஊருடையது, ஐயா" என்பான் அவன்.

அந்த விடையைக் கப்பலேற்றிக் கொண்டுவரட்டும். அமாவாசை இரவில் வெறுந்தரையில் படுத்துறங்கும் என் மக்களுக்கு, கடல் கடந்து போனவர் கொண்டுவரத்தக்க பரிசு அதைவிட வேறொன்று இல்லை!