ஒப்பம் வைக்கும் முன் கேளுங்கள்

நிவாரண அட்டைக்கு ஓர் ஒப்பம். தறப்பாளுக்கு ஓர் ஒப்பம். விதைநெல்லுக்கு ஒன்று, மீள்குடியேற்றப் பதிவுக்கு இன்னொன்று. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஒப்பம் வைப்பது பழகிப்போன காரியம். வரிசையில் நிற்கையில் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க நேரம் கிடைப்பதில்லை. கேட்கவும் துணிவு வருவதில்லை. கேட்டால் பெயர் வெட்டுப்பட்டுவிடுமோ என்ற அச்சம். இதை எழுதுகின்ற நானும் அவ்வாறு வாசியாமலே பல தடவை ஒப்பமிட்டவன்தான்.

ஆனால் இந்தப் பழக்கத்தோடு நாம் தொடக்கூடாத காகிதம் ஒன்று உண்டு. பல்கலைக்கழக மருத்துவபீடங்களும் போதனா வைத்தியசாலைகளும் சிகிச்சைகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளை நடத்துகின்றன. அவற்றில் தாமாக விரும்பிப் பங்குபற்றுவோரிடம் ஒரு சம்மதப் பத்திரம் தரப்படும். அதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஆய்வு என்றதும் சிலர், "எங்கள் உடம்பிலா சோதிக்கிறார்கள்?" என்று கோபப்படுவர். வேறு சிலர், "பெரிய டொக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று தலையாட்டுவர். இரண்டும் தவறு என்பதே எனது கருத்து.

புதிய நெல்லினம் ஒன்று வந்தால் நாம் என்ன செய்வோம்? வயல் முழுவதும் அதையே விதைத்துவிட மாட்டோம். ஒரு வரம்புக்கு இந்தப் பக்கம் பழைய இனம், அந்தப் பக்கம் புதிய இனம். மண்ணும் தண்ணீரும் பசளையும் ஒன்றே. அறுவடையில் தெரிந்துவிடும் எது நல்லதென்று. மருத்துவ ஆய்வும் ஏறக்குறைய இப்படித்தான். சம்மதித்த நோயாளரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு, மூன்று குழுக்களாகப் பிரிக்கின்றனர். ஒரு குழுவுக்குச் சோதிக்கப்படும் மருந்து. மற்றைய குழுவுக்கு வழக்கமான மருந்து, அல்லது மருந்துபோலத் தோன்றும் ஆனால் மருந்துச் சத்து இல்லாத ஒன்று. யாருக்கு எது கிடைத்தது என்பது பல வேளைகளில் வைத்தியருக்கே தெரியாது.

இதனால் நமக்கு என்ன பயன்? பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். காடுபற்றிய காணியைத் துப்புரவாக்குகையிலும், இரவில் வயலுக்குத் தண்ணீர் கட்டுகையிலும் புடையன் கடித்தால் நம்மைக் காப்பாற்றுவது வைத்தியசாலையில் ஏற்றும் விஷமுறிப்பு மருந்துதான். அது குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுவது. ஆகையால் அதுவே பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். உடம்பு தடிக்கும், மூச்சுத் திணறும், இரத்த அழுத்தம் விழும். இதைத் தடுக்க வைத்தியர்கள் அட்ரினலின், ஹைட்ரோகோர்ட்டிசோன், புரோமெதசின் ஆகிய மருந்துகளைத் தத்தம் அனுபவப்படி முற்கூட்டியே கொடுத்து வந்தனர். எது உண்மையில் உதவுகிறது என்பதற்கு உறுதியான சான்று இருக்கவில்லை.

களனிப் பல்கலைக்கழக மருத்துவபீட ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஆய்வொன்று 2011இல் வெளியானது. இலங்கையில் பாம்பு கடித்து வந்த 1,007 பேர் அதில் பங்குபற்றினர். அவர்களுள் நான்கில் மூன்று பங்கினருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது. விஷமுறிப்பு மருந்துக்குச் சற்று முன்னர் சிறிய அளவு அட்ரினலின் கொடுத்தபோது, கடுமையான ஒவ்வாமை முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 வீதமும், 48 மணித்தியாலம் வரையில் 38 வீதமும் குறைந்தது. மற்றைய இரண்டும் பயன் தரவில்லை. ஹைட்ரோகோர்ட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினால் கிடைத்த நன்மையும் இல்லாமற் போயிற்று. இது ஊகத்தினால் அறியக்கூடிய விடயமா? நஞ்சு உட்கொண்டவர்களுக்குக் கரித்தூள் கரைத்துக் கொடுத்தால் உயிர் பிழைப்பர் என்ற நம்பிக்கையும் இவ்வாறே நமது நாட்டில் 4,600க்கு மேற்பட்ட நோயாளரிடத்தில் சோதிக்கப்பட்டது. அதனால் இறப்புக் குறையவில்லை என்பது 2008இல் வெளியிடப்பட்டது. கிருமிநாசினிப் போத்தலோடும் பாம்போடும் வாழ்பவர்கள் நாம். நமது ஆபத்துகளுக்குரிய மருந்து நம்மைப் போன்றவர்களிடத்தில்தான் சோதிக்கப்பட முடியும்.

ஆகவே ஆய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம்மைப் போன்ற வேறொரு விவசாயக் கூட்டத்துக்கு நேர்ந்ததையும் நாம் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரைச் சுற்றி வாழ்ந்த கறுப்பின ஏழைகள் ஏறக்குறைய 600 பேர் 1932இல் ஓர் அரச ஆய்வில் சேர்க்கப்பட்டனர். பெரும்பாலானோர் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். அவர்களுள் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. அவர்களுக்கு அது சொல்லப்படவில்லை. "கெட்ட இரத்தத்துக்கு" வைத்தியம் செய்வதாகவே கூறப்பட்டது. இலவசச் சாப்பாடு, இலவசப் பரிசோதனை, இறந்தால் அடக்கச் செலவு. இவற்றுக்காக அவர்கள் வந்தனர். 1940களில் பெனிசிலின் என்ற மருந்து அந்நோயைத் தீர்க்கும் என்று தெரிந்த பின்னரும் அது அவர்களுக்கு மறைக்கப்பட்டது. 1972இல் செய்தித்தாள்களில் விடயம் வெளிவந்த பின்னரே ஆய்வு நிறுத்தப்பட்டது. 1997இல் ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் பலர் இறந்துபோயினர்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அடக்கச் செலவுக்கும் ஒரு மனிதன் ஏன் உடம்பைக் கொடுத்தான் என்று நம்மிடம் யாரும் விளக்கத் தேவையில்லை. அது நமக்குத் தெரியும். அதனால்தான் நாம் கூடுதலாக விழித்திருக்க வேண்டும்.

இன்று விதிகள் இருக்கின்றன. உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனம் அவற்றுள் முக்கியமானது. 2024இலும் அது திருத்தப்பட்டது. இலங்கையில் யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு உட்பட மருத்துவபீடங்களில் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுக்கள் உள்ளன. அவற்றின் அனுமதி இன்றி நோயாளரை ஆய்வில் சேர்க்கக் கூடாது. ஆயினும் விதி காகிதத்தில் இருக்கிறது; ஒப்பம் நமது கையில் இருக்கிறது. கேட்பவன் கேட்டாற்றான் விதிக்கு உயிர் வரும்.

எதைக் கேட்பது? எதைச் சோதிக்கிறீர்கள், ஏன் என்று கேளுங்கள். நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும் என்று கேளுங்கள். என்ன தீங்கு வரலாம், வந்தால் யார் பார்ப்பார்கள், செலவு யாருடையது என்று கேளுங்கள். எந்தக் குழு அனுமதி வழங்கியது என்று கேளுங்கள். பத்திரத்தைத் தமிழில் தரும்படி கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடும்பத்தோடு பேச நேரம் கேளுங்கள். சேர்ந்த பின்னரும் எந்த நாளிலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகாம் தலைவரோ, சங்கத் தலைவரோ, விதானையாரோ, சமயப் பெரியவரோ வளர்ந்த ஒருவருக்காகச் சம்மதம் கொடுக்க முடியாது. "எங்கள் ஆட்கள் எல்லோரும் வருவார்கள்" என்று ஒரு தலைவர் வாக்களித்தால் அது சம்மதமல்ல, ஆள் திரட்டல். நிவாரணத்தையும் ஆய்வையும் ஒரே மேசையில் வைத்து நடத்துவதும் தவறு. "இல்லை" என்று சொன்னால் அரிசி நின்றுவிடுமோ என்று பயப்படுகிறவருடைய "ஓம்" உண்மையான "ஓம்" அல்ல.

இவ்வளவு சிக்கல் என்றால் இடம்பெயர்ந்தோரை ஆய்வுகளிலிருந்து முற்றாக விலக்கிவிடலாமே என்று நல்லெண்ணத்துடன் கூறுவோரும் உள்ளனர். அதை நான் ஏற்கவில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் நம்மை ஒதுக்கினால், நமது நோய்களுக்கு மருந்து தேடுவாரும் இல்லாமற் போவர். நாம் கேட்பது விலக்கல்ல, மதிப்பு.

ஆய்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். முடிவுகளை வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு நின்றுவிடாதீர்கள். யாருடைய உடம்பிலிருந்து அந்த அறிவு கிடைத்ததோ அவர்களுடைய ஊருக்கு வந்து, அவர்களுடைய மொழியில், என்ன கண்டீர்கள் என்று சொல்லுங்கள். வயலில் பரிசோதனை செய்தவன் நெல்லைக் கொண்டுபோகலாம். வைக்கோலையாவது வயற்காரனுக்கு விட்டுச்செல்ல வேண்டாமா?

நிலத்தையும் வீட்டையும் விட்டு வந்தபோது யாரும் நம்மிடம் சம்மதம் கேட்கவில்லை. இங்கே கேட்கிறார்கள். கேட்கப்படும்போது "ஓம்" என்றாலும் "இல்லை" என்றாலும், அதை விளங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து சொல்வோம்.