பந்தை எடுக்க ஓடிய லேப்ரடார் ஏன் விழுந்தது?

லேப்ரடார் வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பந்து வீசி வீசி நமக்குக் கை வலித்துவிடும்; அதற்குச் சலிக்கவே சலிக்காது. அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று பின்னங்கால்கள் தள்ளாடி, இடுப்பு சரிந்து விழுந்தால்? சுயநினைவோடுதான் இருக்கும். முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டாவது பந்தை எடுக்கப் பார்க்கும். பார்க்கிற நமக்குத்தான் உயிரே போய்விடும்.

இதற்குப் பெயர் 'எக்சர்சைஸ் இன்டியூஸ்டு கொலாப்ஸ்', சுருக்கமாக இ.ஐ.சி. லேப்ரடார்களிடம் அதிகம் காணப்படும் பிரச்னை. டி.என்.எம்.1 என்ற மரபணுவில் உள்ள கோளாறுதான் காரணம் என்பதை அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழு 2008-ல் கண்டறிந்தது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் அந்தக் கோளாறு வந்த நாய்க்குத்தான் இப்படி ஆகும். குட்டி வாங்கும்போதே பெற்றோருக்கு மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

சாதாரண நடை, மெதுவான ஓட்டத்தில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உற்சாகம் தலைக்கேறி 5 முதல் 15 நிமிடம் வேகமாக ஓடும்போதுதான் சிக்கல். பெரும்பாலான நாய்கள் அரை மணி நேரத்துக்குள் எழுந்துவிடும். ஆனால், தள்ளாடிய பிறகும் ஓடவிட்டதால் இறந்த நாய்களும் உண்டு. நாய் தானாக நிற்காது. நீங்கள்தான் பந்தைப் பைக்குள் போட வேண்டும்.

இது இ.ஐ.சி-யா, ஹீட் ஸ்ட்ரோக்கா என்று மைதானத்தில் நின்று ஆராய வேண்டாம். நாய்க்குப் பாதங்களில் மட்டுமே கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைக் குறைக்கும். இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும். மயக்கத்தில் இருந்தால் வாயில் தண்ணீர் புகட்டக் கூடாது. உடம்பைக் குளிர்வித்துவிட்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பக்கத்தில் யாராவது இருந்தால், அது தள்ளாடுவதை மொபைலில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஏனென்றால், இ.ஐ.சி-யாக இருந்தால் நீங்கள் கிளினிக் போய்ச் சேர்வதற்குள் அது எழுந்து, டாக்டரிடமே வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும்.