உலை பிரியாத குடிபெயர்வு

கொள்கைக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போனவர்களைப் பற்றி நம்மவர் விரும்பிப் படிப்பர்; மேடையிலும் பேசுவர். அப்படிப் போனவர்களுடைய பெட்டியைத் தூக்கிக் கொடுத்தவர் யார், இரவு தங்க இடம் கொடுத்தவர் யார், கப்பலிலே இடம் பிடித்துக் கொடுத்தவர் யார் என்று கேட்பவர் மிக அரியர். ஏடுகளில் அவர்களுக்கு ஓர் அடிக்குறிப்புத்தான் மிஞ்சுகிறது. இது முறையன்று என்பது என் துணிபு. ஒரு குடியை இடம்பெயர்த்து வைப்பது, அக்குடியாக வாழ்வதைப் போலவே அரிய செயல். இதற்குச் சான்றாக ஒரு கிறிஸ்தவக் கூட்டுவாழ்வுக் குடியின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். நான் அச்சமயத்தவன் அல்லன். ஆதலின் பக்தியால் எழுதுகிறேன் என்று எவரும் ஐயுற வேண்டியதில்லை.

ஜேர்மனியில் எபர்ஹாட் ஆர்னோல்ட் என்ற இறையியல் அறிஞர் 1920இல் பேர்லின் நகர வாழ்வை உதறித் தம் மனைவி எம்மியோடும் அவருடைய சகோதரியோடும் சன்னெர்ஸ் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கே தோன்றிய குழு, சில ஆண்டுகளில் றோன் மலைப் பகுதியிலுள்ள பண்ணை ஒன்றுக்குப் பெயர்ந்தது. புறூடர்ஹோவ், அதாவது சகோதரர் உறைவிடம் என்பது அதன் பெயர். இவர்கள் துறவிகள் அல்லர். மனைவி மக்களோடு வாழும் இல்லறத்தார். ஆனால் தனியுடைமையைத் துறந்தவர்கள். பணப்பை ஒன்று, சமையலறை ஒன்று, உணவு மேசை ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று. படைக்கலம் ஏந்துவதில்லை என்பது இவர்கள் கொண்ட உறுதி. பதினாறாம் நூற்றாண்டில் தோன்றி, நாடுநாடாகத் துரத்தப்பட்டு, இறுதியில் வட அமெரிக்காவிற் குடியேறிய ஹட்டரைற் சபையாரோடு 1930ஆம் ஆண்டளவில் ஆர்னோல்ட் உறவு பூண்டார்.

இத்தகைய குடியை ஹிட்லர் ஆட்சி விட்டுவைக்குமா? 1933 நவம்பர் 16ஆந் திகதி ஏறத்தாழ 140 பேர் கொண்ட காவற்படை பண்ணையைச் சுற்றி வளைத்துச் சோதனையிட்டது. அடுத்து அரசு கைவைத்தது பள்ளிக்கூடத்தில். தன் கொள்கைவழி நிற்கும் ஆசிரியர் ஒருவரை அங்கே அமர்த்த அது முற்பட்டது. அவர் பாடம் தொடங்குமுன் பிள்ளைகள் எல்லை கடந்துவிட்டனர். வீடு பெயரும்போது நாம் முதலில் எதை எடுத்துவைப்போம்? பெரும்பாலார் நகையையும் உறுதிப்பத்திரத்தையும் எடுப்பர். இவர்கள் எடுத்தது பள்ளிக்கூடத்தை. ஆசிரியத் தொழில் செய்வோர் இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டுமென விரும்புகிறேன்.

1934 வசந்தத்தில் லீச்சென்ஸ்ரைன் என்னும் சிறு நாட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீற்றர் உயரத்தில், சிலும் என்ற மலையிடத்துக் கோடை விடுதி ஒன்று பிள்ளைகளுக்குப் புகலிடமாயிற்று. மறு ஆண்டு மார்ச் மாதம் 16ஆந் திகதி ஜேர்மனியில் கட்டாயப் படைச்சேவை அறிவிக்கப்பட்டபோது, அவ்வயதை எட்டிய இளைஞர்கள் அன்றிரவே அம்மலைக்குப் புறப்பட்டுவிட்டனர். ஆர்னோல்ட் 1935 நவம்பரில் சத்திரசிகிச்சையின் பின் இறந்தார். தலைவனை இழந்த குடி இரண்டு நாடுகளிலாகப் பிரிந்து கிடந்தது. 1936இல் இங்கிலாந்தின் கொற்ஸ்வோல்ட் பகுதியிலும் பண்ணை ஒன்று தேடப்பட்டது.

பின்னர் வந்தது 1937 ஏப்பிரல் 14. குழு கலைக்கப்பட்டது, சொத்துப் பறிமுதலாயிற்று, அனைவரும் உடனே வெளியேற வேண்டும் என்பது கட்டளை. தற்செயலாக, ஹட்டரைற் மூப்பர் இருவர், மைக்கேல் வால்ட்னர், டேவிட் ஹோஃபர் என்போர், வட அமெரிக்காவிலிருந்து வந்து அங்கே விருந்தினராய் இருந்தனர். நீண்ட தாடியும் கருஞ்சட்டையுமாக நின்ற அந்தக் குடியானவர்களால் ஆவதென்ன? வண்டி பிடிக்கத் தெரியாது, பணமும் மிகுதியில்லை. அவர்கள் செய்தது ஒன்றே: அவ்விடம் விட்டு அகலாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். அயல்நாட்டார் இருவரின் கண் தம்மேல் இருந்தது காவலரின் கையை ஓரளவு கட்டிவைத்தது என அக்குழுவினர் பிற்காலத்தில் நம்பினர். நடந்தவற்றை ஹோஃபர் நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார். உதவி என்றால் பாரம் தூக்குவது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். சாட்சியாய் நிற்பதும் பாரந்தான். அதுவும் எளிய பாரமன்று.

வெளியேற்றப்பட்டவர்களுட் சிலர் லீச்சென்ஸ்ரைனுக்கும், சிலர் ஒல்லாந்து வழியாக இங்கிலாந்துக்கும் போயினர். மூவர் சிறைவைக்கப்பட்டுப் பல வாரங்களின் பின்னரே விடுபட்டனர். ஒல்லாந்தில் இவர்களுக்கு இடங்கொடுத்தோர் மெனோனைற் சபையார். இதை ஈண்டு அழுத்திக் கூறக் காரணமுண்டு. மெனோனைற்றுகளும் ஹட்டரைற்றுகளும் ஒரே வேரிற் கிளைத்தவர்களே. ஆனால் மெனோனைற்றுகள் தனியுடைமையை விட்டவர்கள் அல்லர். பொதுவுடைமை வாழ்வே உண்மையான சீடர் வாழ்வு என்று சொல்லும் ஒரு குழு, சொந்தப் பண்ணையும் சொந்தக் கடையும் வைத்திருப்பவனின் கதவைத் தட்டுகிறது. அவனுடைய வாழ்வைக் குறைகூறும் போதனையையும் தன் மூட்டையோடு சேர்த்தே கொண்டுவருகிறது. அவன் கதவைத் திறக்கிறான். தன் கருத்தை ஏற்பவனுக்கு உதவுவது பெரிதன்று.

1938இல் எல்லாரும் ஒருவாறு இங்கிலாந்தில் ஒன்றுசேர்ந்தனர். பலர் புதிதாகவும் வந்து இணைந்தனர். அவர்களுள் ஆங்கிலேயர் பலர். போர் மூண்டதும் அயலார் கண்ணில் இவர்கள் எதிரிநாட்டு மக்களாயினர். 1940இல் நிலைமை முற்றியது. ஜேர்மன் உறுப்பினரைத் தடுப்பு முகாமில் வைப்பதா, அல்லது முழுக் குழுவும் நாட்டை விட்டுப் போவதா என்பதே கேள்வி. முதலாவதை ஏற்றிருந்தால் ஆங்கிலேயர் பண்ணையிலேயே அமைதியாக இருந்திருக்கலாம். அவர்கள் இரண்டாவதைத் தெரிந்தனர்.

இலக்கியம் கற்பிக்கும் என் நண்பர் ஒருவர் இவ்விடத்தில் என்னோடு வன்மையாக முரண்பட்டார். "கைக்குழந்தைகளையும் கொண்டு, நீர்மூழ்கிக் கப்பல்கள் உலாவும் கடலிலே போவது கொள்கையா, பிடிவாதமா? சில காலம் பிரிந்திருந்தால் என்ன குடிமுழுகிப்போகும்?" என்பது அவர் வினா. நியாயமான வினாவே. முதற் குழுவினர் 1940 நவம்பரில் ஏறிச்சென்ற அந்தலூசியா ஸ்ரார் என்ற கப்பல் ஈராண்டுகளின் பின், 1942 ஒக்டோபரில், நீர்மூழ்கித் தாக்குதலிலேயே மூழ்கிற்று என்பதையும் சேர்த்துக்கொண்டால் நண்பரின் வாதம் இன்னும் வலுப்பெறும். ஆயினும் நான் அவர் பக்கம் சாரவில்லை. சாதாரணக் குடும்பத்துக்குப் பிரிவு துன்பம். மீண்டும் கூடினால் அது தீரும். இவர்களுக்கோ ஜேர்மனியரும் ஆங்கிலேயரும் ஒரே மேசையில் உண்பதே, அதுவும் அந்தப் போர்க்காலத்தில் உண்பதே, அவர்கள் வாழ்வின் பொருள். அம்மேசையை இரண்டாக அறுத்துப் பாதியைப் பாதுகாப்பாக வைத்திருப்பதனாற் பயன் என்ன?

எனவே இவர்களுக்கு வேண்டியிருந்தது இரக்கமன்று. எல்லாரும் ஒருங்கே நுழையக்கூடிய ஒரு வாசல். கனடாவும் ஐக்கிய அமெரிக்காவும் அதைத் திறக்கவில்லை. 1920இல் அமைக்கப்பட்ட மெனோனைற் மத்திய குழு தேடிக்கண்ட வாசல் தென்னமெரிக்காவின் பரகுவே. 1921ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அந்நாடு மெனோனைற்றுகளைப் படைச்சேவையினின்று விலக்கி, சொந்தப் பள்ளிக்கும் உரிமை வழங்கியிருந்தது. அச்சலுகையின் நிழலிலேயே இவர்களும் உள்நுழைந்தனர். ஏறத்தாழ 350 பேர் 1941 வரையிற் குழுக்குழுவாகக் கடல் கடந்தனர். முதலில் தங்கியது சாக்கோ வனாந்தரத்தில், பத்தாண்டுகளுக்கு முன் ரஷ்யாவிலிருந்து அகதிகளாய் வந்த மெனோனைற்றுகளின் பேர்ண்ஹைம் குடியேற்றத்தில். தாம் இன்னும் காலூன்றாத ஏழைகள் தம் கூரையின் கீழ் இவர்களுக்கு இடம் விட்டனர். வரலாற்றின் குறும்பைப் பாருங்கள்: அக்குடியேற்றத்திலே சிலர் தொலைவிலிருந்தபடி ஹிட்லரைப் போற்றிக்கொண்டிருந்தனர். ஹிட்லரால் துரத்தப்பட்டவர்கள் அவர்களோடு ஒரே வெயிலில் இருந்தனர். உதவுபவர் எல்லா வகையிலும் உத்தமராய் இருக்கவேண்டும் என்று காத்திருந்தால் இவ்வுலகில் எவரும் எங்கும் குடியேற முடியாது.

விரைவில் கிழக்குப் பரகுவேயில் பிறிமவேரா என்னுமிடத்தில் ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலம் வாங்கிக் காடு வெட்டத் தொடங்கினர். குழந்தைகள் சிலரை அம்மண்ணிலே புதைக்கவும் நேர்ந்தது. பின்னர் மருத்துவமனை ஒன்றை எழுப்பி அயற் கிராமத்தாருக்கும் சேவை செய்தனர்.

இடப்பெயர்வு நமக்குப் புத்தகச் செய்தியன்று. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்திலிருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த மக்கள் வெள்ளத்தை நினைவில் வைத்திருப்போர் இப்பக்கத்தைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பர். தென்மராட்சியிலே கோயிலும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் திறந்துவிடப்பட்டன. உணவுப் பொதியை எண்ணியவர்கள் உண்டு. ஓர் ஒழுங்கையிலிருந்து வந்தவர்களை ஓரிடத்திலேயே இருத்தவேண்டும் என்று எண்ணியவர்கள் எத்தனை பேர்? குடும்பத்தைக் குடும்பமாகக் கணக்கெடுத்தோம். அயலை எவரும் கணக்கெடுக்கவில்லை. குடிபூரலுக்குப் பால் காய்ச்ச அயலார் அடுப்பு மூட்டுவது நம் வழக்கம். புதிய இடத்தில் அயலே இல்லையாயின் அடுப்பை மூட்டுவது யார்?

இவ்வளவும் சொன்னதனால் இக்குழுவினரைத் திருத்தொண்டர் வரிசையில் நான் சேர்த்துவிடவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளிற் பிறிமவேரா மூடப்பட்டு, குழுவின் மையம் ஐக்கிய அமெரிக்காவுக்கு மாறியபோது, உட்பூசலின் விளைவாகப் பலர் வெளியேற்றப்பட்டனர். பலர் தாமாகவும் விலகினர். சேர்ந்தபோது உடைமை முழுவதையும் பொதுவிற் கொடுத்தவர்கள், பிரியும்போது கையிற் சொற்பத்தோடு, அறியாத நாடுகளில் வீடும் வேலையும் தேடி அலைந்தனர். அவர்களுட் சிலர் அந்தக் கசப்பை நூல்களாக எழுதியிருக்கின்றனர். நான்கு நாடுகளில் மற்றவர் கதவைத் திறந்துவைக்கக் கண்ட ஒரு குடி, தன்னை விட்டுப் போகிறவனுடைய பெட்டியைத் தூக்கிக் கொடுக்கக் கற்றுக்கொள்ளவில்லை. இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒருவன் வரும்போது செய்யும் உபசாரத்தைவிட, கருத்து வேறுபட்டுப் போகும்போது செய்யும் உபசாரமே அக்குடியின் தரத்தைக் காட்டும் என்பேன்.

இனி, 1941இல் இங்கிலாந்தில் நின்றுவிட்ட மூவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பண்ணையை விற்று, கணக்கை முடித்துக்கொண்டு, பின்னால் வந்துசேர்வதற்காகவே அவர்கள் நிறுத்தப்பட்டவர்கள். கப்பலேறியவர்களின் தளபாடங்களை விலைபேசிக்கொண்டும் வெற்றறைகளைப் பூட்டிக்கொண்டும் இருந்த அவர்களிடம், போரில் மனம் வெறுத்த ஆங்கிலேயர் சிலர் ஒருவர்பின் ஒருவராக வந்து, தாமும் இவ்வாழ்விற் சேரலாமா என்று கேட்டனர். வந்தவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? பயணம் கைவிடப்பட்டது. 1942இல் ஷ்றொப்ஷயர் மாவட்டத்தில் வீற்ஹில் என்ற பண்ணையை அவர்கள் வாங்கினர்.